விழித்ததிலிருந்து ஊசி வரை

எங்கள் துறைக்கு ஏதோ விழாவாம், மலர் போடுகிறார்களாம். போன மாதம் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். “மேடம், பெட் ஸ்கேன்னா கேன்சருக்கு மட்டும்தான்னு ஜனங்க நினைக்கிறாங்க. இப்ப இருதயம், மூளை, காரணம் தெரியாத காய்ச்சல்னு எதுக்கெல்லாமோ எடுக்கிறோம். நீங்க ஆரம்பத்துலேருந்து இருந்தவங்க. நல்லதா நாலு அனுபவம் எழுதிக் குடுங்க, மேடம்.”

‘நல்லதா’ என்று அவள் அழுத்திச் சொன்னதுமே எனக்கு அலுப்புத் தட்டியது. முப்பத்து மூன்று வருடம் நின்ற கால் இது. ராஜபாளையத்தில் என் வீட்டு மாடிப்படி ஏறுவதற்கே இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. மேற்கே அய்யனார் கோவில் பக்கம் மழை இறங்கினால் என் மூட்டுதான் முதலில் சொல்லும், வானிலைக்காரர்கள் அப்புறம்தான். இந்த வலியோடு மலருக்கென்று மலர்ந்த முகமாக எழுத என்னால் ஆகாது. நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ராஜபாளையத்தில் பி.எஸ்சி. இயற்பியல், அப்புறம் பம்பாயில் ஒரு டிப்ளமா. மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையின் அணுமருத்துவப் பிரிவில் டெக்னாலஜிஸ்ட்டாகச் சேர்ந்தேன். வாரம் முழுக்க மதுரை, சனிக்கிழமை பஸ் ஏறினால் ராஜபாளையம். தைராய்டு, எலும்பு என்று பழைய காமிராவோடு பாதி சர்வீஸ் போயிற்று. பெட் இயந்திரம் வந்தபோது எனக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. என் பதவியின் பெயரை ஒரு நோயாளியும் சொன்னதில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட பொம்பளை என்றால் அவர்களுக்கு ‘சிஸ்டர்’. திருத்தித் திருத்தி வாய் வலித்து விட்டுவிட்டேன்.

பெட் என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் கொடுப்போம். உடம்பில் எது பசியோடு அதைத் தின்கிறதோ அது படத்தில் எரியும். புற்றுநோய்க் கட்டிக்குப் பேய்ப்பசி, அதனால் இந்த ஸ்கேனுக்கு அந்தப் பேர் வந்தது. ஆனால் சீழ் பிடித்த இடமும் தின்னும், புண்பட்ட ரத்தக்குழாயும் தின்னும், மூளை எந்நேரமும் தின்னும், இருதயம் நேரம் பார்த்துத் தின்னும். உடம்புக்குள் யார் எம்புட்டுத் தின்கிறார்கள் என்று காட்டுகிற படம், அவ்வளவுதான். அந்த மருந்து வேறொரு ஊரிலிருந்து ஈயக் குடுவையில் அடைத்துக் காரில் வரும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகிவிடும். ஐஸ்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பந்தி பரிமாறுகிற வேலை. என் முன்கோபத்தில் பாதி அங்கே பழகியதுதான்.

புற்றுநோய் இல்லாதவர்கள் எங்களிடம் வர ஆரம்பித்த காலத்தில் வாசலிலேயே அழுகைச் சத்தம் கேட்கும். பெட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றால் கதை முடிந்தது என்று வீட்டில் சொல்லியே கூட்டி வருவார்கள். மகாராஜபுரத்திலிருந்து காளியம்மாள் என்று ஒரு வயதானவர் வந்தார். மூன்று மாதமாகச் சாயங்காலமானால் காய்ச்சல். எல்லா டெஸ்டும் எடுத்தாகிவிட்டது, ஒன்றும் பிடிபடவில்லை. மகன்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “அம்மாட்ட புத்துநோய்னு மட்டும் சொல்லிராதீய” என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். படத்தில் கட்டி எதுவும் இல்லை. நெஞ்சிலிருந்து இறங்குகிற பெரிய ரத்தக்குழாயின் சுவர் மட்டும் முழு நீளத்துக்கும் எரிந்தது. குழாயில் அழற்சி, மாத்திரையில் சரியாகிற வியாதி. சொன்னதும் மகன்கள் அழுதார்கள். காளியம்மாளுக்குக் கோபம். “ஏட்டி, புத்துநோயி இல்லைன்னா எதுக்கு என்னைய இம்புட்டுப் பெரிய மிசினுக்குள்ள தள்ளுன?” என்று கேட்டார்.

ஞாபகம் தவறுகிறவர்களும் வந்தார்கள். அவர்களை ஊசி போட்டதும் மங்கிய வெளிச்சத்தில் பேசாமல் படுக்க வைக்க வேண்டும். பேசினால் மூளையில் பேச்சுக்கான பகுதி தின்னத் தொடங்கிவிடும், படம் கெட்டுப்போகும். பக்கத்தில் நிற்கிற மனைவிமார்கள் சும்மா இருக்க மாட்டார்கள். “இவங்க யாருன்னு தெரியுதா? நம்ம சிஸ்டரு” என்று பாடம் கேட்பார்கள். அவர்களை வெளியே அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிடும்.

எல்லாவற்றையும் விட இடக்கானது இருதயம். மாரடைப்பு வந்த சதை செத்துவிட்டதா, தூங்குகிறதா என்று பார்க்க வேண்டுமானால் சர்க்கரையைக் குடிக்கக் கொடுத்துப் படம் எடுப்போம். இருதயத்தில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் நேர் எதிர். சர்க்கரையே இல்லாமல் பட்டினி போட வேண்டும். நல்ல இருதயச் சதை கொழுப்பு கிடைத்தால் அதை எரித்துக்கொண்டு சர்க்கரையை விட்டுவிடும். புண்பட்ட இடம் மட்டும் விடாது. அதனால் முந்தின நாள் முழுக்கச் சோறு, இட்லி, பால், பழம், சீனி எதுவும் கூடாது. முட்டை, கறி, நெய் மட்டும். பிறகு இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். ஒழுங்காகச் செய்துவிட்டு வந்தால் இருதயம் படத்தில் இருட்டாக இருக்கும், புண் மட்டும் தெரியும். இடையில் கொஞ்சம் இனிப்பு உள்ளே போனாலும் இருதயம் முழுக்க எரிய ஆரம்பித்து, புண் எங்கே என்றே தெரியாமல் போய்விடும்.

இங்கே எங்கள் தலைமை மருத்துவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்ராஹிம் சார். ஒல்லியான ஆள், சத்தமே வராத செருப்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில். நோயாளியிடம் ‘சாப்பிட்டீங்களா’ என்று அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை. ஊசி அறைக்குள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, நோயாளியின் கண்ணுக்குக் கீழான உயரத்தில் உட்காருவார். “காலையில கண்ணு முழிச்சிய. பொறவு?” என்பார். அவ்வளவுதான் கேள்வி. அவர்கள் சொல்லச் சொல்ல, “பொறவு?”, “பொறவு?” என்று பென்சிலால் குறித்துக்கொண்டே கடைசிவரை கூடவே வருவார். பல் விளக்கியது, மாடு கறந்தது, பஸ் பிடிக்க ஓடியது, பக்கத்து சீட்டுக்காரியிடம் இருமல் மிட்டாய் வாங்கியது என்று எல்லாம் வரும். மிட்டாயில் பென்சில் நிற்கும். “சரிம்மா, நீங்க நாளைக்கு வாங்க” என்பார்.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். குடுவைக்குள் மருந்து தேய்ந்துகொண்டிருக்கும், இவர் மாடு கறந்த கதை கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், “சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டா அவங்களே சொல்லிருவாங்களே, சார்” என்றேன். “சாப்பாடுன்னா உங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணும்மா. நாம கேக்குற வார்த்தைக்குத்தான் அவங்க பதில் சொல்வாங்க, நம்ம மனசுல இருக்கிறதுக்குச் சொல்ல மாட்டாங்க” என்றார். அடுத்த வாரம் எங்கள் படிவத்தின் அடியில் ஒரு வரியைச் சேர்த்து அச்சடித்து வந்தார். ‘விழித்ததிலிருந்து ஊசி வரை கேட்டேன்.’ அதற்குக் கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு. எனக்கு வேண்டாத வேலையாகத்தான் பட்டது.

சவரிமுத்து வந்தது அதற்குப் பிறகு, இன்றைக்கு எட்டு வருடம் முன்பு. திருவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையின் அடுப்படியில் தலைமை ஆள். நாற்பது வயது. நின்றபடி கோவா கிண்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று மயங்கிச் சரிந்து, சட்டி விளிம்பில் பட்டு முன்கை வெந்துபோயிற்று. பார்த்தால் இருதயத்துக்குப் போகிற மின்சாரம் பாதி வழியில் நின்று நின்று போகிறது. பேஸ்மேக்கர் வைத்துவிட்டார்கள். இந்த வயதில் ஏன் இப்படி என்பதுதான் கேள்வி. இரண்டு நோய் இருதயத்தை இப்படிப் புண்ணாக்கும். ஒன்று காசநோய். இன்னொன்று கிருமி இல்லாமலேயே வருகிற அழற்சி, சார்காய்டோசிஸ் என்று பெயர். இரண்டாவதுக்கு ஸ்டீராய்டுதான் மருந்து. அதே ஸ்டீராய்டைக் காசநோய்க்காரருக்குத் தனியாகக் கொடுத்தால், உறங்குகிற கிருமியை எழுப்பி விட்டதாகிவிடும். எங்கே ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தால் எந்த நோயென்று தெரியும் என்பதற்குத்தான் பெட் எழுதியிருந்தார்கள்.

அன்றைக்கு இப்ராஹிம் சார் லீவு, மகள் கல்யாணம். மருந்துக் கார் வழியில் மாட்டி ஒன்றரை மணி நேரம் தாமதம். சவரிமுத்துவுக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். கொஞ்சம் தாமதித்தால் கடைசி ஆளுக்கு மருந்து போதாது. நான் படிவத்தோடு உள்ளே போனேன். ஸ்டூலில் உட்காரவில்லை.

“நேத்து சொன்னபடி சாப்பிட்டீங்களா?”

“ஆமா சிஸ்டர். தவக்காலம், நாங்க கறி தொட மாட்டோம். பங்குச் சாமியார்ட்ட போயி மருத்துவத்துக்குத்தான் சாமின்னு உத்தரவு கேட்டுட்டுத்தான் தின்னேன். முட்டையும் கறியுமா தின்னு வயிறு ஒரு மாதிரி கெடக்கு.”

“இன்னைக்குக் காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“இல்ல சிஸ்டர். பச்சத்தண்ணி மட்டும்தான்.”

விரல் நுனியில் குத்திப் பார்த்தேன், ரத்தச் சர்க்கரை சரியாகவே இருந்தது. டிக் அடித்தேன். அடியிலிருந்த அந்த வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன். விழித்ததிலிருந்து நான் எதையும் கேட்கவில்லை. கேட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். மருத்துவத்துக்காகக் கறி தின்னச் சாமியாரிடம் உத்தரவு கேட்கிற மனுஷன் பொய் சொல்ல மாட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

படத்தில் இருதயம் முழுசாக வளையம் போட்டு எரிந்தது. வேறொரு ஊரிலிருந்து கணினி வழியாகப் படம் படித்த டாக்டர் போனில் கேட்டார். “முழு இருதயமும் எரியுதே, பத்தியம் சரியா இருந்தாரா?”

“சரியா இருந்தார் சார். கேட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்றேன்.

அவர் என் கையெழுத்தை நம்பினார். இருதயம் முழுவதும் கடும் அழற்சி என்று எழுதினார். இருதய டாக்டர் அவரை நம்பினார். எரிகிற இடம் எல்லாமே என்றால் எந்த இடத்தில் குத்துவது? அதற்குள் சவரிமுத்துவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஸ்டீராய்டைத் தொடங்கிவிட்டார்கள்.

ஆறாவது வாரம் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தினமும் காய்ச்சல், பத்துக் கிலோ இறங்கிவிட்டார். இப்ராஹிம் சார் பழைய படத்தைத் திரையில் போட்டார். எழுந்து போய்க் கிட்டே நின்று பார்த்தார். “இது வியாதி இல்லம்மா. இது சாப்பாடு” என்றார்.

சவரிமுத்துவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன்.

“அன்னைக்கு ஸ்கேனுக்கு வந்தியல்லா. காலையில கண்ணு முழிச்சிய. பொறவு?”

“எந்திரிச்சேன் சார். செபம் சொன்னேன். கை வெந்ததுலேருந்து கடைக்கு லீவுதான். இருந்தாலும் பஸ்ஸுக்கு நேரம் கெடந்துச்சு, செத்த நேரம் எட்டிப் பாத்துட்டுப் போவோம்னு போனேன்.”

“பொறவு?”

“புதுசா ஒருத்தன் கிண்டிக்கிட்டு இருந்தான். அண்ணே, பதம் பாத்துச் சொல்லுங்கன்னான். அஞ்சு சட்டி. பாத்துச் சொன்னேன். பொறவு வாயக் கொப்புளிச்சிட்டு பஸ் ஏறிட்டேன்.”

“பதம் எப்படிப் பாப்பிய?”

“உள்ளங்கையில எடுத்து உருட்டணும் சார். உருண்டு நின்னா பதம். வாயில போட்டா சீனி தெரிஞ்சிரும்.”

“எம்புட்டு எடுப்பிய?”

“நெல்லிக்கா அளவு. சட்டிக்கு ஒண்ணு.”

“முழுங்கிருவியளா, துப்பிருவியளா?”

“கோவாவ யாராச்சும் துப்புவாகளா சார்?” என்று அந்த நிலையிலும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. “ஆனா நான் சாப்பிடல சார். பதம்தான் பாத்தேன். பதம் பாக்குறது வேலையில்லா?” என்றார்.

இருபது வருடமாகத் தினமும் அவர் செய்கிற காரியம் அது. அவர் தொழிலில் யாரும் அதைச் சாப்பாடு என்று சொல்வதில்லை. வீட்டுக்குப் போய், “காலையிலேருந்து ஒண்ணும் திங்கல, பசிக்கி” என்றுதான் சொல்வார்கள். பஸ்ஸில் வந்து மருந்துக்காகக் காத்திருந்த நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரையும் இறங்கிவிட்டிருந்தது. நான் கேட்ட கேள்விக்கு அவர் உண்மையைத்தான் சொன்னார்.

இப்ராஹிம் சார் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. சவரிமுத்துவும் என்னைத்தான் பார்த்தார். “நான் பொய் சொல்லிட்டேனா, சிஸ்டர்? நீங்க கேட்டியளே” என்றார்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சரியாகக் கேட்கவில்லை, கேட்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு. “நீங்க சொல்லியிருக்கணும், சவரிமுத்து” என்றேன்.

“அது உங்க தப்பு இல்லப்பா” என்று இப்ராஹிம் சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஆனால் நான் முதலில் சொல்லிவிட்டேன். பெரிய டாக்டர் பெருந்தன்மையாகச் சொல்கிறார் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருப்பார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுபடி பத்தியம் இருந்து, மறுபடி படம் எடுத்தோம். இந்தத் தடவை நானே ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டேன், கண் விழித்ததிலிருந்து. இருதயம் இருட்டாக இருந்தது. இரண்டு அறைகளுக்கு நடுவிலிருக்கும் சுவரில் ஒரே ஒரு திட்டு எரிந்தது. நெஞ்சுக்குள் நெறிக்கட்டிகள் பளிச்சென்று தெரிந்தன. முதல் படத்தில் இருதயம் எரிந்த வெளிச்சத்தில் இவை மங்கலாகத் தெரிந்தும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டியில் ஊசி குத்திப் பார்த்தார்கள். காசநோய். ஆறு வாரம் நாங்கள் அதற்குத் தீனி போட்டு வளர்த்திருக்கிறோம்.

பிழைத்துக்கொண்டார். தீவிர சிகிச்சையில் ஒன்பது நாள் கிடந்தார். பிறகு மாதக்கணக்கில் காசநோய் மருந்து. இருதயம் பழைய பலத்துக்கு வரவில்லை. கனமான சட்டி தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது என்றார்கள். நாற்பது வயதுக்காரருக்கு என் வயதுக் கட்டுப்பாடுகள்.

இப்ராஹிம் சார் மறுநாள் என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் அந்தப் படிவம் இருந்தது.

“இது உங்க கையெழுத்தாம்மா?”

“ஆமா சார்.”

“கேட்டியளா?”

“இல்ல சார்.”

பென்சிலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். “நிர்வாகத்துக்கு எழுத வேண்டியத நான் எழுதிட்டேன். இருதய டாக்டர்ட்டயும் சொல்லிட்டேன். சவரிமுத்துட்ட சொல்ல வேண்டியது நீங்க” என்றார். எனக்கு ஒரு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன், கோப்பில் போய்விட்டது. அடுத்த மாதம் வழியில் பார்த்தபோது, “சொல்லிட்டியளாம்மா?” என்று கேட்டார். “சொல்றேன் சார்” என்றேன். சவரிமுத்து பரிசோதனைக்கு வரும் நாட்களில் எனக்கு வேறு அறையில் வேலை இருப்பது போல் பார்த்துக்கொண்டேன். என்னைத் தேடி ஒருமுறை கோவாப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஊழியர்களுக்குப் பங்கு வைத்துவிட்டேன். என்னால் தின்ன முடியவில்லை.

சனிக்கிழமை தோறும் ராஜபாளையம் பஸ் திருவில்லிபுத்தூர் நிலையத்தில் பத்து நிமிடம் நிற்கும். கோவா விற்கிறவர்கள் ஜன்னலோரம் வந்து நீட்டுவார்கள். நான் கண்ணை மூடித் தூங்குவது போல் இருப்பேன். இறங்கி நடந்தால் அவர் கடை கூப்பிடு தூரம். ஆறு வருடம் அப்படித் தூங்கினேன். நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு, எனக்கு முன்பே ஓய்வு பெற்றுச் சொந்த ஊரில் இருந்த இப்ராஹிம் சார் போன் செய்தார். வாழ்த்தெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “அவர்ட்ட சொல்லிட்டியளாம்மா?” என்றார். “இல்ல சார்” என்றேன். “சரிம்மா” என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மலருக்குக் கட்டுரை கேட்டு போன் வந்த மறு வாரம் பஸ் ஏறினேன். எழுத உட்கார்ந்தால் அந்தக் கையெழுத்துதான் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அதை அவரிடம் சொல்லாமல் ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? திருவில்லிபுத்தூரில் இறங்கினேன்.

கடையின் பின்கட்டில் அடுப்புகள். சவரிமுத்து அடுப்புக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கிண்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், “ஐயோ சிஸ்டர்!” என்று எழுந்தார். உட்காரச் சொன்னேன். எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டார்.

“எப்படி இருக்கீங்க?”

“ஆண்டவர் புண்ணியத்துல இருக்கேன் சிஸ்டர். சட்டி தூக்குறதில்ல, வேற ஆளு தூக்குதான். நான் கிண்டறதும் பதம் சொல்றதும்தான்.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தார். “பதம்னா வாயில வைக்கிறதில்ல சிஸ்டர். அன்னைக்கு விட்டதுதான். கைப்பக்குவத்துலயும் வாசத்துலயும் சொல்லிருவேன்.”

“வாயில வைக்கிறதே இல்லயா? எட்டு வருஷமா?”

“ஆமா. ஆஸ்பத்திரியில பொய் சொல்லி நானே என் உயிருக்கு உலை வச்சுட்டேன்னு சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். அவிய மூணு செபம் மட்டும் சொல்லச் சொன்னாவ. எனக்கு அது காணாதுன்னு பட்டுச்சு. எந்த நாக்கு பொய் சொல்லுச்சோ அந்த நாக்குல இனிமே கோவா வைக்கிறதில்லைன்னு நானா ஒரு ஒறுத்தல் எடுத்துக்கிட்டேன். நீங்க அன்னைக்குக் கேட்டியளே, ஒழுங்கா சொல்லியிருந்தா உங்களுக்கும் கெட்ட பேரு வந்திருக்காது.”

எட்டு வருடமாக இந்த மனுஷன் என் பாவத்துக்கு நோன்பு இருந்திருக்கிறார். நான் பஸ்ஸில் தூங்கியிருக்கிறேன்.

சொன்னேன். படிவத்தின் கடைசி வரி, ‘விழித்ததிலிருந்து ஊசி வரை’, இப்ராஹிம் சாரின் கேள்வி, கார் தாமதம், நான் ஸ்டூலில் உட்காராதது, கேட்காமல் கேட்டதாகக் கையெழுத்துப் போட்டது, போனில் கேட்ட டாக்டரிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். “நீங்க பொய் சொல்லல, சவரிமுத்து. பொய் எழுதினது நான். அன்னைக்கு உங்க மேல பழியைப் போட்டதும் நான்தான்” என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. நின்றால் அடிப்பிடித்துவிடும். துடுப்பு சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், “அப்ப நான் சாமியார்ட்ட சொன்னதுதான் பொய்யா?” என்றார்.

“ஆமா” என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கோபமா என்று முகத்தைப் பார்த்தேன், எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

சட்டி இறக்கும் பதம் வந்துவிட்டது. ஆளைக் கூப்பிட்டு இறக்கச் சொன்னார். சூடு ஆறக் காத்திருந்தார். பிறகு விரல் நுனியில் கொஞ்சம் எடுத்தார். உள்ளங்கையில் வைத்து உருட்டினார், நெல்லிக்காய் அளவு. அதையே செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வாயில் போட்டார்.

கண்ணை மூடி மெல்ல மென்றார். அவர் முகம் மாறியது. இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்துப் பார்த்தார். பக்கத்தில் முன்பே இறக்கி ஆறவைத்திருந்த சட்டிக்குப் போய் அதிலும் தொட்டுப் பார்த்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார்.

“சீனி தூக்கலா இருக்கு, சிஸ்டர்” என்றார். “எல்லாச் சட்டியிலயும் தூக்கலா இருக்கு. எட்டு வருசமா இப்படியா போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்? எம்புட்டுப் பேரு வாங்கித் தின்னாவ. ஒருத்தருகூட எங்கிட்ட சொல்லலயே.”